கவனிக்க ஆளில்லாத மயக்கம்

இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் வலி அதிகம் கிடையாது, கஷ்டமெல்லாம் தொண்டையில்தான். நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுத்து, அதன் வழியே ஒன்பது, பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை நாக்கின் அடியைத் தாண்டிச் செலுத்துகிறார்கள். நாக்கின் அடியும் தொண்டையின் பின்சுவரும் உடம்பு காவல் வைத்திருக்கிற இடங்கள். அந்நியமாக எது பட்டாலும் வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. ஆகவே ஓங்கரிப்பு வருகிறது, கண்ணில் நீர் முட்டுகிறது, எச்சில் வழிகிறது, மூச்சு நின்றுவிடுமோ என்று பீதி பிடிக்கிறது. மூச்சுக்குழல் திறந்தேதான் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாலும் அந்த நேரத்தில் தொண்டை அதை நம்புவதில்லை. குழாய் உணவுக்குழாய்க்குள் இறங்கிய பிறகு பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும். இரைப்பையைக் காற்றடைத்து விரிக்கும்போது வயிறு உப்பும், ஏப்பம் வரும், முன்சிறுகுடலுக்குள் நுழையும்போது ஒரு அழுத்தம் தெரியும், அவ்வளவுதான். மொத்தம் ஐந்திலிருந்து பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்துக்காக ஒருவரை மயக்கத்தில் ஆழ்த்தலாமா?

ஒவ்வொரு நாடும் இதற்கு ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஒரு நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட எண்டோஸ்கோப்பிகள் மயக்க மருந்தோடுதான் நடந்தன. பிரிட்டனில் தொண்டை ஸ்பிரே போதுமா, ஊசி வேண்டுமா என்று நோயாளியிடமே கேட்பது வழக்கம். ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய்க்கான பரிசோதனைக்கு வருகிற ஏராளமானோர் விழித்த நிலையிலேயே, பலர் மூக்கு வழியாகவே, குழாயை ஏற்றுக்கொள்கிறார்கள். தென் கொரியாவில் ‘தூக்க எண்டோஸ்கோப்பி’ என்பது தனிக் கட்டணம் கொடுத்துப் பெறுகிற வசதி. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் லிக்னோகெய்ன் ஸ்பிரேயோடு சரி. தனியாரில் கேட்டால் ஊசி கிடைக்கும், பில்லிலும் ஏறும். மனிதத் தொண்டை எல்லா ஊரிலும் ஒன்றுதான். அப்படியிருந்தும் வழக்கம் இவ்வளவு மாறுகிறதென்றால், முடிவை எடுப்பது மருத்துவச் சான்று மட்டும் அல்ல. பணமும் பழக்கமும் ஆள்பலமும் சேர்ந்துதான் எடுக்கின்றன.

இந்த விவாதத்தில் எப்போதும் மருந்தின் பெயர்தான் முன்னால் வந்து நிற்கிறது: மிடசோலமா, புரோபோஃபாலா, வெறும் ஸ்பிரேயா? கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் படித்தால் எனக்குத் தெரிவது வேறு. ஆபத்து எவ்வளவு என்பதை மருந்தைக் காட்டிலும் அதிகமாக முடிவு செய்வது, நோயாளியின் மூச்சைக் கவனிப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒருவர் அந்த அறையில் இருக்கிறாரா என்பதுதான். அப்படி ஒருவர் இருந்தால் ஆழ்ந்த மயக்கமும் தகும். இல்லையென்றால் மயக்கமே இல்லாமல் செய்வது தகும். இரண்டுக்கும் நடுவே, கவனிக்க ஆளை வைக்காமல் ‘கொஞ்சமாக’ ஒரு ஊசியைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் தகாதது. பார்வைக்கு மிகவும் மிதமானதாகத் தெரிகிற வழி அதுவே என்பதுதான் சிக்கல்.

1868-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் அடால்ஃப் குஸ்மௌல் முதன்முதலில் ஒரு விறைப்பான குழாயை இரைப்பைவரை செலுத்திக் காட்டியபோது, அதற்கு உடம்பைக் கொடுத்தவர் கத்தி விழுங்கும் வித்தைக்காரர் ஒருவர். ஓங்கரிப்பை அடக்கப் பழகியவர்களால் மட்டுமே அப்போது அது முடிந்தது. 1932-இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் பாதி வளையக்கூடிய கருவியைக் கொண்டுவந்தார். அவருடைய முறையில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. நோயாளியின் தலையைத் தாங்கிப் பிடித்து, கழுத்தின் கோணத்தைச் சரிசெய்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை நெடுங்காலம் செய்தவர் அவருடைய மனைவி காப்ரியேலே. 1957-இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் ஒளியிழைகளால் ஆன, நன்றாக வளையும் எண்டோஸ்கோப்பை அமெரிக்காவில் உருவாக்கி, முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். அதன் பிறகு தலையைப் பிடிக்கும் ஆள் தேவையில்லாமல் போயிற்று. குழாய் மென்மையானதும் மயக்க மருந்தின் தேவை குறைந்திருக்க வேண்டும், நடந்தது நேர்மாறு. குழாய் எளிதானதால் சோதனைகளின் எண்ணிக்கை பெருகியது, எண்ணிக்கை பெருகியதும் வேகம் வேண்டியிருந்தது, வேகத்துக்கு நோயாளி அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் போன இடத்துக்கு ஊசி வந்தது.

முதலில் வந்த டயசிபாம் நல்ல மருந்துதான், ஆனால் தண்ணீரில் கரையாது. கரைப்பானோடு ஏற்றும்போது நரம்பு எரியும், சிலருக்கு இரத்தக்குழாய் புண்ணாகித் தடித்துவிடும். அந்தக் குறையில்லாமல் 1970-களின் நடுவில் ஹாஃப்மன்-லா ரோச் நிறுவனத்தில் உருவானது மிடசோலம். அமெரிக்காவில் 1985 இறுதியில் அனுமதி கிடைத்தது. எரிச்சல் இல்லை, சீக்கிரம் வேலை செய்கிறது, நடந்தது நினைவில் நிற்பதில்லை. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் அது டயசிபாமைவிடப் பல மடங்கு வீரியமானது. டயசிபாமுக்குப் பழகிய கை அதே அளவை ஒட்டியே ஏற்றியது. பலமுறை பெத்திடின் போன்ற ஓபியம் வகை மருந்தும் சேர்ந்துகொண்டது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மூச்சு அடங்கி இறந்தவர்களின் கணக்கு பல பத்துகளை எட்டியது. நிகழ்ந்த இடங்களும் கவனத்துக்குரியவை: மயக்கவியல் மருத்துவர் இருக்கும் அறுவை அரங்குகளைவிட, எண்டோஸ்கோப்பி அறை போன்ற வெளி இடங்களில்தான் இந்தச் சாவுகள் அதிகம். பிறகு கருப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிடப்பட்டது, தொடக்க அளவு குறைக்கப்பட்டது, மெதுவாக ஏற்று, இரண்டு நிமிடமாவது பொறுத்துப் பார், அதன் பிறகே அடுத்த அளவு என்ற விதி வந்தது. மருந்து அன்றும் இன்றும் ஒன்றே. மாறியது அதைக் கொடுக்கும் விதமும், கொடுத்தபின் காத்திருக்கும் பொறுமையும்.

இதைவிடத் தெளிவான சான்று இங்கிலாந்திலிருந்து வந்தது. அந்நாட்டின் இரண்டு பிராந்தியங்களில் நடந்த 14,149 மேல்வயிற்று எண்டோஸ்கோப்பிகளை முப்பது நாள்வரை பின்தொடர்ந்து பார்த்த ஒரு தணிக்கை, 1995-இல் ‘கட்’ (Gut) மருத்துவ இதழில் வெளியானது. பரிசோதனையோடு தொடர்புபடுத்தத்தக்க சாவு 2000-க்கு ஒன்று, சிக்கல் 200-க்கு ஒன்று. தீங்கற்ற சோதனை என்று எல்லோரும் நினைத்திருந்த ஒன்றுக்கு இது அதிகம். யாருக்கு நேர்ந்தது என்று பார்த்தபோது இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வந்தன: மயக்க மருந்தின் அளவு அதிகம், கண்காணிப்பு குறைவு. இன்னொரு தொடர்பும் தெரிந்தது. தொண்டையை மரக்கச் செய்யும் ஸ்பிரேயும் பின்னால் வரும் நிமோனியாவும் கைகோத்துத் தெரிந்தன. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. மரத்துப்போன தொண்டை எச்சிலைத் தடுக்காது, மயங்கிய ஆள் இருமமாட்டார், இரைப்பையிலிருந்து மேலேறுவது நேரே நுரையீரலுக்குள் இறங்கும். இரண்டில் ஒன்று இருந்தாலும் உடம்பு சமாளித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து, கவனிக்க ஆளும் இல்லையென்றால் வழியில்லை. பிரிட்டனின் இரைப்பை-குடல் மருத்துவச் சங்கம் பிற்பாடு பெரும்பாலோருக்கு மிடசோலம் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, முதியவர்களுக்கு அதில் பாதிக்கும் குறைவு என்று வரையறுத்ததும், அடர்த்தி கூடிய மிடசோலம் ஆம்பூல்களை எண்டோஸ்கோப்பி அறைகளிலிருந்து அகற்றச் சொல்லி 2008-இல் அந்நாட்டு நோயாளி பாதுகாப்பு முகமை எச்சரித்ததும் இந்த வரிசையில் வந்தவையே.

கண்காணிப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நினைவுக்கு வரும். கொரோனா காலத்துக்குப் பிறகு அதைத் தெரியாத வீடு இல்லை. அந்த அறையைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். திரை தெளிவாகத் தெரிவதற்காக விளக்கு தணிந்திருக்கிறது. மருத்துவரின் இடக்கை ஸ்கோப்பின் திருகுகளில், வலக்கை குழாயில், கண் திரையில். உதவியாளர் பயாப்சி இடுக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். எடுத்த திசுவை ஃபார்மலின் புட்டியில் போட்டு அதில் பெயர் எழுதுகிறார். நோயாளி ஒருக்களித்துப் படுத்திருப்பதால் முகம் தலையணையில் பாதி புதைந்திருக்கிறது. எழுபது வயதுக்காரர், இதயம் மெதுவாகத் துடிக்கிறது, கையில் ஏற்றிய மருந்து மூளையை அடையத் தாமதமாகிறது. முதல் இரண்டு மில்லிகிராம் வேலை செய்யவில்லையென்று இன்னும் இரண்டு ஏற்றுகிறார்கள். இப்போது முதல் அளவும் இரண்டாம் அளவும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது, மார்பு அசைகிறது, ஆனால் காற்று போகவில்லை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தால், மூச்சு நின்ற பிறகும் ஆக்ஸிமீட்டர் கொஞ்ச நேரம் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அது அளப்பது இரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை, மூச்சை அல்ல. எண் விழத் தொடங்கும்போது நேரம் ஏற்கெனவே போயிருக்கும். மூச்சையே அளக்கிற கருவி கேப்னோகிராஃபி. வெளிவிடும் கரியமில வாயுவை அது ஒவ்வொரு மூச்சுக்கும் காட்டும். அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 2011 முதல் மிதமான மயக்கத்துக்கும் அதைக் கேட்கிறது. அந்தக் கருவி இல்லாத இடத்தில் அதே வேலையைச் செய்யக்கூடியது வாயருகே வைத்த ஒரு கையும் மார்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு கண்களும். ஆனால் அந்தக் கையும் கண்ணும் வேறு வேலை பார்க்கக் கூடாது. ஸ்கோப் பிடிக்கிற மருத்துவரே மூச்சையும் பார்த்துக்கொள்வார் என்பது, மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவரே பின்னிருக்கைக் குழந்தையையும் கவனித்துக்கொள்வார் என்பதைப் போன்றது.

புரோபோஃபால் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் ஜான் கிளென் என்ற கால்நடை மருத்துவரின் உழைப்பில் உருவான மருந்து அது. 2018-இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் கலந்த வெள்ளைக் குழம்பு. அரை நிமிடத்தில் உறக்கம், சில நிமிடங்களில் தெளிவு, விழித்தபின் மிடசோலத்தின் மந்தமும் இல்லை. ஆனால் இலேசான மயக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. மிடசோலம் கூடிப்போனால் ஃப்ளூமாசெனில், ஓபியம் வகை கூடிப்போனால் நாலக்சோன் என்று முறிமருந்து உண்டு; புரோபோஃபாலுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே அதை மயக்கவியல் மருத்துவர் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று ஒரு தரப்பும், பயிற்சி பெற்ற செவிலியரை வைத்து எண்டோஸ்கோப்பி மருத்துவரே கொடுக்கலாம் என்று இன்னொரு தரப்பும் இருபது ஆண்டுகளாக வாதாடுகின்றன. 2009-இல் டக்ளஸ் ரெக்ஸ் என்ற எண்டோஸ்கோப்பி மருத்துவரும் உலகின் பல மையங்களைச் சேர்ந்தவர்களும் சேர்த்து வெளியிட்ட தொகுப்பில், எண்டோஸ்கோப்பி மருத்துவரின் பொறுப்பில் புரோபோஃபால் கொடுக்கப்பட்ட 6,46,080 சோதனைகளில் சாவு நான்கு, தொண்டையில் குழாய் செருக வேண்டிவந்தது பதினொரு முறை. அதே தொகுப்பில் ஓர் உட்செய்தியும் உண்டு: முகமூடி வைத்து மூச்சூட்ட வேண்டிய தேவை, பெருங்குடல் சோதனையைவிட மேல்வயிற்றுச் சோதனையில் பல மடங்கு அதிகம். ஸ்கோப்பும் மூச்சும் ஒரே வாசலைப் பங்குபோட்டுக்கொள்வதால் அது வியப்பில்லை.

மயக்கவியலாளர்கள் இதற்கு எழுப்பும் மறுப்பு நியாயமானது. அந்த எண்களைத் தந்தவை இதில் ஆர்வமும் பயிற்சியும் உள்ள மையங்கள். தங்கள் விபத்துகளைத் தாங்களே எண்ணிச் சொன்னவை. அவற்றின் விடை எல்லா ஊருக்கும் பொருந்தாது. சரி. ஆனால் எதிர்த்திசையிலிருந்தும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 13,88,235 சோதனைகளை அலசி 2017-இல் வெளியான ஆய்வு, மயக்கவியலாளர் கொடுத்த புரோபோஃபாலையும் எண்டோஸ்கோப்பி மருத்துவரின் பொறுப்பில் கொடுத்த மயக்கத்தையும் ஒப்பிட்டது. மயக்கவியலாளர் இருந்ததால் பாதுகாப்பு கூடியதாக அதில் தெரியவில்லை. மேல்வயிற்றுச் சோதனையில் பாதகமான நிகழ்வுகள் சற்றுக் கூடுதலாகவே பதிவாயின. இதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது, ஏனென்றால் மோசமான நோயாளிகளைத்தான் மயக்கவியலாளரிடம் அனுப்புவார்கள், புள்ளியியல் திருத்தங்கள் அந்த வேறுபாட்டை முழுதும் கழுவிவிடுவதில்லை. என் வாசிப்பில் இரண்டு ஆய்வுகளும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: சுவரில் மாட்டிய பட்டத்தைவிட, அந்த நிமிடத்தில் செய்யும் வேலையே முக்கியம். ரெக்ஸின் மையங்கள் பலவற்றில் புரோபோஃபால் கொடுத்தவருக்கு வேறு வேலை இல்லை. மறுபக்கம், 2014-இல் நியூயார்க்கில் நகைச்சுவை நடிகை ஜோன் ரிவர்ஸ் தொண்டைச் சோதனையும் எண்டோஸ்கோப்பியும் புரோபோஃபால் மயக்கத்தில் நடந்தபோது ஆக்ஸிஜன் குறைந்து இதயம் நின்று, சில நாளில் இறந்தார். அறையில் மயக்கவியல் மருத்துவர் இருந்தார். அரசு ஆய்வாளர்களின் அறிக்கை கண்ட குறை, உடல்நிலைக் குறிகள் மோசமானதை உரிய நேரத்தில் கண்டுகொண்டு செயல்படவில்லை என்பது. ஆள் இருப்பதும் ஆள் பார்ப்பதும் ஒன்றல்ல.

பணக் கணக்கும் இங்கே குறுக்கிடுகிறது. 2012-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, அமெரிக்காவில் எண்டோஸ்கோப்பிகளுக்கு மயக்கவியலாளரை அழைப்பது 2003-இல் ஏழில் ஒன்றாக இருந்தது, 2009-க்குள் மூன்றில் ஒன்றை நெருங்கியது, அப்படி அழைக்கப்பட்டதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆபத்து குறைந்த, உடல்நலம் உள்ள நோயாளிகளுக்கு. ஆபத்து யாருக்கு அதிகமோ அவர்களுக்குத்தான் தனி ஆள் முதலில் தேவை என்ற மருத்துவ நியாயத்தைக் காப்பீட்டுத் தொகை புரட்டிப்போட்டிருந்தது.

சரி, அடிப்படைக் கேள்வி: மயக்கம் தேவைதானா? கனடாவில் 419 நோயாளிகளை இரு குழுவாக்கி, ஒன்றுக்கு மிடசோலமும் மற்றதற்கு வெறும் உப்புநீரும் ஏற்றிய ஆய்வு ஒன்று உண்டு, 2004-இல் வெளியானது. சோதனை ஒழுங்காக முடிந்து, நோயாளியும் சகித்துக்கொண்ட கணக்கை எடுத்தால், ஊசி பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, பெறாதவர்களில் பாதிக்கும் குறைவு. மயக்கம் வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள் இந்த எண்ணை ஒதுக்கிவிட முடியாது. ஊசிக்குப் பலன் உண்டு. ஆனால் அதே எண்ணை மறுபக்கமிருந்தும் வாசிக்கலாம். எதுவுமே கொடுக்காமல் பாதிப் பேருக்கு அருகில் வெற்றியாக முடிந்திருக்கிறது. அந்தப் பாதி யார் என்பதும் பல ஆய்வுகளால் ஓரளவு தெரியும்: முதியவர்கள், பதற்றம் குறைந்தவர்கள், பல் துலக்கும்போது எளிதில் ஓங்கரிக்காதவர்கள். ஊசியால் அதிக ஆபத்துக்குள்ளாகிற முதியவர்களே ஊசி இல்லாமல் அதிகம் தாங்குகிறார்கள் என்பது இதில் நல்வாய்ப்பான பொருத்தம். இளைஞர்களுக்குத் தொண்டை கூருணர்ச்சி உள்ளது, பயமும் அதிகம். அவர்களுக்கு மருந்தை உடம்பும் தாங்கும்.

மிடசோலத்தின் பலனைப் பேசும்போது மறதியைத் தனியாக எடுத்துவைத்துப் பார்க்க வேண்டும். அது கஷ்டத்தைக் குறைப்பதோடு, பட்ட கஷ்டம் நினைவில் பதியாமலும் செய்துவிடுகிறது. சிலருக்கு அமைதிக்குப் பதிலாகக் கிளர்ச்சி வரும். கையை வீசுவார்கள், குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்கள், இரண்டு பேர் அழுத்திப் பிடிக்க வேண்டிவரும். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் ‘ஒன்றுமே தெரியவில்லை, நன்றாக இருந்தது’ என்பார்கள். திருப்திப் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து. அந்தப் படிவம் அளந்தது நினைவை. நினைவில்லாத துன்பம் துன்பமே அல்ல என்று ஒருவர் வாதிடலாம். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஈரல் சுருக்கத்தால் உணவுக்குழாயில் இரத்தநாளம் புடைத்தவர்கள் திரும்பத் திரும்ப வந்து அந்த நாளங்களுக்கு வளையம் மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் அனுபவம் மனதில் தழும்பாகிவிட்டால் அடுத்த முறை வரமாட்டார்கள், வராவிட்டால் இரத்த வாந்தியில் உயிர் போகலாம். அவர்களுக்கு மறதியும் மருந்துதான். ஆனால் எந்த மருத்துவரும் தன் வேலையின் தரத்தை அந்த மறதியை வைத்து மதிப்பிட்டுக்கொள்ளக் கூடாது. அரை மயக்கத்தில் ‘போதும், எடுங்கள்’ என்று ஒருவர் கையை உயர்த்தினால் அது மருந்தின் பிதற்றலா, சம்மதத்தைத் திரும்பப் பெறுவதா என்று ஒரு கணம் நிறுத்திக் கேட்க வேண்டிய கடமை, அவர் பிறகு மறந்துவிடுவார் என்பதால் நீங்கிவிடாது.

ஊசி இல்லாமல் செய்வது கொடுமை, ஏழை நாட்டு ஏற்பாடு என்று ஒரு குரல் எழும். இது கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டிய மறுப்பு. நம் அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்கு ஸ்பிரே மட்டும் கிடைப்பது அவர் தேர்ந்தெடுத்ததால் அல்ல. அன்றைக்கு வரிசையில் அத்தனை பேர் இருக்கிறார்கள், மயக்கவியல் மருத்துவர் அறுவை அரங்கில் இருக்கிறார். இந்த நிலையைத் தத்துவமாக்கி அழகுபடுத்தத் தேவையில்லை. ஆனால் ஆள் இல்லாத அந்த அறைக்கு மிடசோலம் ஆம்பூலை மட்டும் அனுப்பினால் நிலைமை முன்னேறாது, 1980-களின் அமெரிக்காவாக மாறும். ஆள் கிடைக்கும்வரை ஊசி இல்லாத சோதனையை நன்றாகச் செய்வதே நேர்மையான வழி. நன்றாகச் செய்வதற்குத் தனி நுட்பம் உண்டு. ஸ்பிரே அடித்த கையோடு குழாயை விட்டால் தொண்டை இன்னும் மரத்திருக்காது. சில நிமிடம் பொறுக்க வேண்டும். கசக்கும், தொண்டை தடித்ததுபோல் இருக்கும், விழுங்க முடியாததுபோல் தோன்றும், ஆனால் மூச்சு அடைக்காது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். எச்சிலை விழுங்காதீர்கள், வாயோரம் வழியவிடுங்கள், மூக்கால் இழுத்து மெதுவாக விடுங்கள் என்று காதருகே ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால் ஓங்கரிப்பு கண்கூடாகக் குறையும். ஷிண்ட்லரின் தலை பிடிக்கும் ஆள் செய்த வேலையில் பாதி இதுதான். ஊசிக்காக ஒதுக்க முடியாத அதே செவிலியரை இதற்கு மட்டும் எங்கிருந்து ஒதுக்குவது என்று கேட்கலாம். இங்கே அவர் கவனம் சிதறினால் நோயாளிக்குக் குமட்டும்; அங்கே சிதறினால் மூச்சு நிற்கும். வேறுபாடு அதில் இருக்கிறது.

மூக்கு வழிக் குழாய் இன்னொரு விடை. ஆறு மில்லிமீட்டருக்கும் மெலிந்த அது நாக்கின் அடியைத் தொடாமல் மூக்கின் பின்வழியாக இறங்குவதால் ஓங்கரிப்பு மிகக் குறைவு. சோதனை நடக்கும்போதே நோயாளி பேசலாம். சிலருக்கு மூக்கில் இரத்தம் கசியும், சிலருக்கு மூக்கே இடம் தராது, பயாப்சி துணுக்கும் சிறியதாக வரும். ஜப்பான் இதைப் பெரிய அளவில் ஏற்றுக்கொண்டது. அந்நாடு 2016-இலிருந்து ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பியை அரசுத் திட்டத்திலேயே பரிந்துரைக்கிறது. ஆரம்பநிலை இரைப்பைப் புற்றை உலகிலேயே திறமாகக் கண்டுபிடிக்கிறவர்கள் விழித்திருக்கும் நோயாளிகளிடம் அதைச் செய்கிறார்கள் என்பது, மயக்கமின்றித் தரமான சோதனை முடியாது என்ற வாதத்துக்கு நேரடிப் பதில். அந்த வாதத்திலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வில், சராசரியாக ஏழு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் மருத்துவர்கள், விரைந்து முடிப்பவர்களைவிட இரு மடங்கு அபாயப் புண்களைக் கண்டார்கள். ஐரோப்பியச் சங்கமும் ஏழு நிமிடத்தைக் குறைந்த அளவாக வைத்திருக்கிறது. துடிக்கிற நோயாளியிடம் ஏழு நிமிடம் நிதானமாகப் பார்ப்பது எந்த மருத்துவருக்கும் கடினம். ஆகவே குழாய் இறங்கி ஒரு நிமிடமாகியும் அடங்காமல் ஓங்கரிக்கிறவரிடம் அவசரமாக ஒப்பேற்றி ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுப்பதைவிட, எடுத்துவிட்டு வேறொரு நாள் முறையான மயக்கத்தோடு வரச்சொல்வது நல்லது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுகளில் இரைப்பைப் புற்றும் ஒன்று. இங்கே ஒரு ‘நார்மல்’ தவறானால் விலை பெரிது.

சில நிலைமைகளில் தேர்வே இல்லை. குழந்தைகளுக்கு மயக்கவியல் மருத்துவர் வேண்டும். கொட்டுகிற இரத்த வாந்தியோடு வருகிறவருக்கு முதலில் மூச்சுக்குழலில் குழாய் செருகிப் பாதுகாக்க வேண்டும். உறக்கத்தில் மூச்சுத் திணறுகிற, உடல் பருத்தவர்களுக்கு இலேசான ஊசி என்ற ஒன்றே கிடையாது. அண்மையில் ஒரு புதுச் சிக்கலும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரைக்கும் எடைக்குறைப்புக்கும் போடுகிற செமாக்ளூடைடு வகை ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. ஆறு மணி நேரம் பட்டினி கிடந்தவரின் வயிற்றிலும் முந்தின இரவுச் சாதம் மிதக்கலாம். வாராந்தர ஊசியை ஒரு வாரம் நிறுத்தச் சொல்லி அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 2023-இல் கேட்டது. அடுத்த ஆண்டு பல சங்கங்கள் சேர்ந்து அதைத் தளர்த்தி, ஆளுக்கு ஆள் பார்த்து முடிவெடுக்கச் சொல்லின. இந்தியாவிலும் இந்த ஊசிகள் பரவிவருவதால், சோதனைக்கு முன் கேட்கும் கேள்விகளில் இதுவும் சேர வேண்டும்.

2020-இல் ரெமிமசோலம் என்ற புதிய மயக்க மருந்து அனுமதி பெற்றது. மிடசோலத்தின் உறவுதான், ஆனால் உடம்பின் நொதிகள் அதைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும், முறிமருந்தும் உண்டு. மிடசோலம், புரோபோஃபால் இரண்டின் நல்ல குணங்களும் ஒன்றில் வந்துவிட்டனவென்று உற்சாகம் நிலவுகிறது. மிடசோலம் வந்தபோதும் இதே உற்சாகம் இருந்தது என்பதைத் தவிர அதற்கெதிராக என்னிடம் வாதம் இல்லை.

மயக்கத்தின் செலவு சோதனை முடிந்ததும் முடிவதில்லை. இருபத்துநான்கு மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்திடக் கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும். ஸ்பிரேயோடு செய்துகொண்டவர் தொண்டை தெளிந்ததும் ஒரு மணி நேரத்தில் காப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். ஊசி போட்டுக்கொண்டவருக்கும் துணைக்கு வந்தவருக்கும் அன்றைய கூலி போயிற்று. இதைச் சொல்லிவிட்டுத்தான் நோயாளியிடம் எது வேண்டும் என்று கேட்க வேண்டும். மயக்கம் அதிகமாகி ஃப்ளூமாசெனில் கொடுத்து எழுப்பப்பட்டவர் விஷயம் தனி. அவர் கண்ணைத் திறந்து பெயர் சொல்வார், எழுந்து உட்கார்வார், வீட்டுக்குப் போகட்டுமா என்பார். முறிமருந்தின் வீரியம் மிடசோலத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். பஸ் நிலையத்து பெஞ்சில் அவர் மறுபடி மயங்கலாம். ஆகவே படுக்கை வேண்டுமென்று அடுத்தவர் காத்திருந்தாலும், அவரை இரண்டு மணி நேரமாவது விரலில் ஆக்ஸிமீட்டரோடு கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும்.